மேலேயிருந்து வரும் உத்தரவு

"ஏங்க, கிளம்பிட்டாங்க! சூப்பை ஏத்துங்க!"

பாதி உடம்பை மாடி ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு கத்துவாள். கீழே, நடைபாதையோரச் சாப்பாட்டுக் கடையில் அடுப்பின் முன் நிற்கும் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "மேலேருந்து உத்தரவு வந்தாச்சு" என்று பெஞ்சில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே, சின்ன அடுப்பில் கிடக்கும் சூப் அண்டாவைப் பெரிய அடுப்புக்கு மாற்றப் போவார். அண்டாவின் காதைப் பிடிக்க அவர் கையில் அகப்படுவது எப்போதும் மேசை துடைத்த ஈரத்துணிதான். ஈரத்துணி சூட்டைத் தடுக்காது. கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். "ஆ" என்று அவர் கையை உதறுவதற்குள் மேலேயிருந்து ஒரு காய்ந்த துணி வந்து தோளில் விழும். பின்னாலேயே இன்னொன்று. அண்டாவுக்கு இரண்டு காது அல்லவா?

"எத்தனை வருஷமா சொல்றேன், காஞ்ச துணியில பிடிங்கன்னு! அது கையா, இல்ல இடுக்கியா?"

பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, துவைத்து, காயவைத்து, ஜன்னல் கட்டையின் மேல் அடுக்கி வைத்திருப்பாள். குறி தப்பி நான் பார்த்ததில்லை.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. புகை படிந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கே மறந்துவிட்டது. "மாடி அக்கா கடை" என்றால்தான் தெரியும். காலையில் கீழே இருந்து காய் நறுக்குவாள். சூப்புக்கு உப்புப் போடும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைக்க மாட்டாள். பக்கத்து மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களில் மதியத்துக்கு மேல் மாடிக்கு ஏறிவிடுவாள். அதற்குப் பிறகு கடையில் அவளுடைய குரல் மட்டும்தான் இருக்கும். அவளைவிட மூத்தவளான நான் "மாடி" என்று கூப்பிடுவேன். அவள் என்னை "அக்கா" என்பாள்.

எதிர் வரிசையில் எனக்கு ஓர் அறை. முதியவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, அதே வேலையில் காலம் கழித்தவள் நான். நாள் முழுக்க அடுத்தவருக்கு ஊட்டிவிட்டு வந்த கை, வீட்டுக்கு வந்ததும் எனக்காக அடுப்பைப் பற்றவைக்க மறுக்கும். அதனால் என் சாப்பாட்டில் பாதி அந்தக் கடை பெஞ்சில்தான் நடந்தது.

மைதானத்தைச் சுற்றி அப்போதும் சாப்பிட இடங்கள் இல்லாமல் இல்லை. பெரிய வாசலில் தள்ளுவண்டியில் ஜூஸ் போடுகிறவர் இருந்தார். பழத்தைவிட ஐஸ் அதிகம். மூலையில் ஒரு மதுக்கடை. அங்கே போனவர்கள் ஆட்டத்தை மறுபடியும் ஒருமுறை ஆடிவிட்டுத்தான் வெளியே வருவார்கள், சில நேரம் கையாலேயே. பிறகு மைதானத்துக்குள்ளேயே கடைகள் வந்தன. காகிதக் கோப்பை, காகிதத் தட்டு, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், சூடும் இருக்காது. யாராவது என்னிடம் கேட்டால், "பக்கவாட்டு வாசலுக்குப் போங்கள், மேலேயிருந்து யாராவது கத்தினால் அதுதான் கடை" என்று வழி சொல்வேன்.

அந்தக் கத்தலுக்கு ஒரு காரணம் இருந்தது. கடையில் பெரிய அடுப்பு ஒன்றே ஒன்றுதான். அதில் சூப் அண்டாவை ஏற்றினால் உருளைக்கிழங்கு பொரிக்க முடியாது. வாணலியை ஏற்றினால் சூப் ஆறிப்போகும். கூட்டம் வந்து நின்ற பிறகு யோசிக்க நேரம் இருக்காது. வருகிறவர்கள் ஜெயித்துவிட்டு வருகிறார்களா, தோற்றுவிட்டு வருகிறார்களா என்பது முன்னாலேயே தெரிந்தாக வேண்டும்.

"ஜெயிச்சிட்டு வர்றவனுக்குப் பசியே தெரியாதுக்கா. கையில எதையாவது வச்சுக்கிட்டுக் கத்தணும், அவ்வளவுதான். பொரிச்சதைக் குடு, ஜில்லுனு ஜூஸைக் குடு, போயிடுவான். தோத்துட்டு வர்றான் பாருங்க, அவனுக்குச் சூடா வேணும். சூப்பு, முட்டை ரொட்டி. பேசாமச் சாப்பிடுவான். ரெண்டாவது தடவை கேப்பான்."

"ரெண்டு பேரும் சமமா முடிச்சா?"

"டீ. அவனுங்க பேசி முடிக்கறதுக்குள்ள நம்ம பால் தீந்துடும்."

தோற்றவர்களுக்கென்று கடைக்குள் ஒரு பெஞ்ச் இருந்தது. சுவரைப் பார்த்த பெஞ்ச். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரலாம். போகிற வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அவர்களுக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஒருநாள் முகத்தில் சாயம் பூசிய பையன் ஒருவன் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவனைச் சீண்டிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டிருக்கிறது.

"ஏப்பா, சாய மூஞ்சி! வெளிய வந்து உக்காரு. அங்க இருக்கறவங்க சாப்பிடட்டும்."

"அக்கா, இவன் என் மச்சான்கா! சும்மா விளையாட்டுக்கு!"

"மச்சானா இருந்தா என்ன? தோத்தவன் வாயில சோறு இருக்கும்போது பேசாத. சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் வீடு வரைக்கும் கேலி பண்ணிக்கிட்டே போ."

மச்சான் முதல்முறையாகத் தலையை உயர்த்திச் சிரித்தான். இரண்டாவது கிண்ணமும் கேட்டான்.

இத்தனைக்கும் ஆட்டத்தின் விதி ஒன்றும் அவளுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எந்த அணி என்பதைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்தக் குடும்பம் அங்கே வந்த புதிதில் மைதானம் வெறும் மண்தரை. பலகை இருக்கைகள், இடுப்பளவு சுற்றுச்சுவர். மாடி ஜன்னலில் நின்றால் மைதானம் முழுவதும் தெரியும். மழைநாளில் சேற்றில் வழுக்கி விழுகிறவர்களைப் பார்த்து அவள் சிரிக்கும் சத்தம் ஆடுகிறவர்களுக்கே கேட்டிருக்கும். நானும் சில மாலைகளில் மேலே போய் அவளோடு நின்று பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு டம்ளரில் டீ. ஜன்னல் கட்டை எங்கள் முழங்கைகளுக்குச் சரியாக இருந்தது.

பிறகு சுவரை உயர்த்தினார்கள். கான்கிரீட் படிகள் வந்தன, கூரை வந்தது, விளக்குக் கம்பங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது அவள் ஜன்னலிலிருந்து கொஞ்சம் மைதானம் குறைந்தது. கடைசியில் ஒரு கம்பத்துக்கும் கூரையின் விளிம்புக்கும் நடுவில் ஒரு கீற்றுதான் மிச்சம். அதில் தெரிந்தது கூட்டம் இறங்கி வரும் எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டு மட்டும்.

"கிரவுண்டைத் தூக்கிட்டுப் போயிட்டு எனக்குப் படிக்கட்டை விட்டுட்டாங்க" என்று கொஞ்ச நாள் புலம்பினாள். பிறகு அதுவே போதும் என்று ஆனது. "பந்தைப் பாத்து சமைக்க முடியுமா? காலைப் பாத்துத்தான் சமைக்கணும்" என்றாள். தோற்கிற பக்கத்துக் கால்கள் ஆட்டம் முடியும் முன்பே இறங்கும். ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து, அவசரம் இல்லாமல். ஜெயிக்கிற கால்கள் கடைசிவரை வராது. வரும்போது இரண்டிரண்டு படியாகத் தாவும். அண்டாவா வாணலியா என்பதை அந்தக் கால்கள்தான் தீர்மானித்தன.

மைதானத்துக்குள் அவள் போனது ஒரே ஒருமுறை. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார். கடையைச் சாத்திவிட்டு இருவரும் போனார்கள். இடைவேளைக்கே திரும்பி வந்துவிட்டாள். "என்ன மாடி, ஆட்டம் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "ஆட்டத்தை யாரு பாத்தா? அங்கேருந்து பாத்தா நம்ம ஜன்னல் எவ்வளவு அழுக்கா இருக்கு தெரியுமாக்கா? மானமே போச்சு" என்று சொல்லிக்கொண்டே வாளியில் தண்ணீர் பிடித்தாள். கணவர் ஆட்டம் முடிந்து வரும்போது ஜன்னல் பளிச்சென்று இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை என்பதற்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. உத்தரவுகள் மட்டும் வந்தன.

மூக்குக்கண்ணாடியைப் பழைய விளையாட்டு ஷூவின் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஏதாவது ஒரு பாத்திரத்தின் மூடியில் போட்டு, ஜன்னலில் நின்றபடி முடித்துவிடுவாள். உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால், "உக்காந்தா எந்திரிக்கணுமே" என்பாள்.

ஆட்டம் இல்லாத ஒரு காலையில், துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போனது. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து இறக்கிய அன்று அவள் கணவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது. அதை எதற்கு எடுத்து வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"சிஸ்டர், பகல்ல மட்டும் கொஞ்சம் இருந்து பாத்துக்க முடியுமா? எனக்கு எதை எப்படித் தூக்கறதுன்னே தெரியல."

நான் செவிலியர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் அவருக்கு நான் சிஸ்டர்தான். மறுநாள் காலையில் போனேன்.

இந்த வேலையில் கண்ணீருக்கு நேரம் கிடையாது. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் உள்ளே விட வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். உணவைக் கன்னத்தின் நல்ல பக்கத்தில் வைக்க வேண்டும். தோள் தொங்காமல் கைக்கு அடியில் தலையணை வேண்டும். ஊட்டிவிட எல்லாருக்கும் ஆசை. நான் கரண்டியை அவள் இடது கையில் கொடுத்தேன். முதல் வாரம் சாப்பாட்டில் பாதி என் மடியில் விழுந்தது. மாதம் ஒன்று போனபோது மூடியில் போட்டுக் கொடுத்ததைத் தானே சாப்பிட்டாள்.

பேச்சில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. "சரி."

பசிக்கிறதா? சரி. வலிக்கிறதா? சரி. வெளிச்சம் போதுமா? சரி. கோபம் வந்தாலும் அதே சொல்தான். சத்தம் மட்டும் கூடும். பேச்சு அடைபட்டவர்களிடம் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு "நாளைக்கு" மட்டும் மிஞ்சியது, இன்னொருவருக்கு ஒரு கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தைக்காரரின் குடும்பத்துக்குக் குழப்பம் குறைவு. "சரி"தான் ஆபத்தானது. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

மகள் வேறு ஊரிலிருந்து வந்திருந்தாள். நல்ல பெண். அம்மாவைக் குளிப்பாட்டும்போது முகம் சுளிக்காதவள். இதற்கு மேல் ஒரு பெண்ணிடம் நான் எதிர்பார்ப்பதில்லை. சத்தம் கூடாது, ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஜன்னலை அடைத்து, தடிமனான நீலத் திரை ஒன்றைத் தைத்து மாட்டினாள். ஜன்னல் கட்டையில் இருந்த துணிகளை மூட்டை கட்டிக் கீழே அனுப்பினாள். மூக்குக்கண்ணாடியின் கயிறு கழுத்தை உறுத்தும் என்று அதையும் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

கீழே கணவர் தனியாகத் தடுமாறினார். கைப்பேசியில் ஆட்ட நிலவரம் பார்த்துச் சமைக்கப் பழகினார். ஆனால் ஆட்ட நாளில் மைதானத்தைச் சுற்றி எல்லார் கையிலும் அதே கைப்பேசி. அத்தனையும் ஒரே நேரத்தில் திணறும். "சுத்திக்கிட்டே இருக்கு சிஸ்டர், நம்பரே வர மாட்டேங்குது" என்பார். தோற்றவர்கள் வந்து நின்றபோது வாணலி அடுப்பில் இருக்கும்; ஜெயித்தவர்கள் வந்தால் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லாரும் "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுப் போனார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். முன்பு ஒருநாளும் நிமிராத மனிதர் இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நீலத் திரையைப் பார்த்தார்.

ஒரு மதியம் மகள் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அம்மா, இங்க அப்பாவால தனியா முடியலம்மா. நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. கடையை ஒரு காபிக் கடைக்காரர் எடுத்துக்கறேன்னு சொல்றாரு. கொடுத்துடலாமா?"

"சரி" என்றாள் மாடி.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடிப்படியில் நின்றிருந்த கணவர் தலையை ஆட்டினார். அந்த வருஷப் போட்டிகளின் கடைசி ஆட்டம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவதென்று அங்கேயே முடிவானது. மாடியின் இடது கை மகளின் பிடியிலிருந்து நழுவிப் போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

நான் மருந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கட்டிலின் இந்தப் பக்கம் நின்றேன்.

"மாடி, உன் தலையை மொட்டையடிச்சு விட்டுடட்டுமா?"

"சரி."

"உன் புருஷனுக்கு வேற பொண்ணு பாக்கலாமா?"

"சரி!" முறைத்தாள். வாயின் நல்ல பக்கம் லேசாகத் துடித்தது.

"பெரியம்மா!" என்றாள் மகள். "என்ன இது, உடம்பு சரியில்லாதவங்ககிட்ட?"

"அவளுக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கு. அதை வச்சு நீ கடையைக் கொடுக்கற. நான் அதே சொல்லை வச்சு உனக்குச் சித்தியைக் கொண்டுவரேன்."

மகள் கசங்கிய போர்வையை நீவிவிட்டாள். பிறகு கேட்டாள்: "சரின்னா சரி இல்லைன்னே வச்சுக்கோங்க. வேணாம்னு மட்டும் எப்படித் தெரியும்? இங்கதான் இருக்கணும்னு அம்மா சொன்னாங்களா?"

நியாயமான கேள்வி. என் தொழிலில் பதில் தெரியாதபோது நோயாளி அருகே நின்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவர்களைப் பழகிய இடத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது வழக்கம். கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

"சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஜன்னலைத் திறந்து அவளை அங்க உட்காரவைக்கறேன்."

"டாக்டர் சத்தம் கூடாதுன்னு சொன்னாரு."

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுல சொன்னது. போன தடவை போனப்ப வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு அவரே சொன்னாரு, நீயும்தான் பக்கத்துல இருந்த."

கணவர் மாடிப்படியிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு தடவை பாக்கட்டும்மா. கடைசி ஆட்டம்தானே."

சனிக்கிழமை மதியம் கைப்பிடி வைத்த நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டேன். விழுந்த கைக்கு அடியில் தலையணை, கால் நழுவாமல் இருக்கத் தரையில் ஒரு ரப்பர் விரிப்பு. திரையைப் பாதி ஒதுக்கினேன். மகள் மீதிப் பாதிக்குக் காவல்போல நின்றாள். அலமாரியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, கயிறோடு கழுத்தில் மாட்டிவிட்டேன். மாடி அதை இடது கையால் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். கோணலாக. நான் சரிசெய்யப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவில் அந்தக் கீற்று அப்படியே இருந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. மைதானம் இரைந்துகொண்டிருந்தது. மகள் ஒவ்வொரு இரைச்சலுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா படிக்கட்டைப் பார்த்தாள்.

கீழே காபிக் கடைக்காரர் அளவுநாடாவோடு வந்திருந்தார். சாயங்காலம் சாவி வாங்குவதற்குள் முகப்பை அளந்துகொள்ளலாம் என்ற அவசரம். "இந்த அடுப்பு இருக்கற இடத்துல கண்ணாடிக் கதவு வருது சார்" என்று யாரிடமோ பேசுவதுபோல் சொல்லிக்கொண்டே நாடாவை இழுத்தார். கணவர் கைப்பேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூர் டீம்தான் முன்னால நிக்குது. அதுக்கப்புறம் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். வாணலியைக் கையில் எடுத்தார். ஜூஸ் டம்ளர்களை வரிசையாக அடுக்கினார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

மைதானம் திடீரென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டின் மேல்படியில் ஒரு ஜோடிக் கால்கள் தெரிந்தன. பிறகு இன்னும் நாலைந்து. எல்லாரும் நம்மூர் அணியின் நிறத்தில் உடுத்தியவர்கள். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து இறங்கினார்கள்.

மாடி முன்னால் சாய்ந்தாள். "சரி" என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள். "சரி! சரி!"

கீழே கணவரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, அம்மா சரின்னுட்டாங்க!" என்று காபிக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். மேலே பார்த்து, "ஐஸ் எடுத்தாச்சு! வாணலியை ஏத்திடறேன்!" என்றார்.

"சரி! சரி! சரி!"

"ஆமாம்மா, ஏத்திட்டேயிருக்கேன்!"

அவள் முகம் சிவந்துவிட்டது. மகள் பதறி, "பெரியம்மா, போதும், ஜன்னலை மூடுங்க, பிரஷர் ஏறிடும்" என்று திரையை இழுக்க வந்தாள். மாடியின் இடது கை ஜன்னல் கட்டையில் எதையோ துழாவியது. முன்பு துணிகள் இருந்த இடம். அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே திரும்பி, மகள் இழுத்து வந்த திரையைக் கொத்தாகப் பிடித்தது. ஒரே இழுப்பு. திரைக் கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு காரையோடு வந்தது. நீலத் துணி மொத்தமும் அவள் மடியில் சரிந்தது. அதைச் சுருட்டினாள், ஒரு நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு மீதியை உள்ளங்கைக்குள் திணித்தாள். பிறகு வெளியே எறிந்தாள்.

குறி தப்பியது. இடது கை அல்லவா? திரை விரிந்து மிதந்து போய், குனிந்து அளந்துகொண்டிருந்த காபிக் கடைக்காரரின் தலையை முழுவதுமாக மூடியது. "ஐயோ, யாருங்க அது!" என்று நாடாவும் கையுமாக அவர் சுற்றினார்.

கணவர் அந்தத் துணியைப் பார்த்தார். காய்ந்த துணி. மேலேயிருந்து வந்த துணி. வாணலியைக் கீழே வைத்தார். காபிக் கடைக்காரரின் தலையிலிருந்து திரையை உருவி, நாலாக மடித்து வலக்கையில் சுற்றிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேலேருந்து உத்தரவு வந்தாச்சு" என்றார். பெஞ்சில் அப்போது யாரும் இல்லை. "தம்பி, நாடாவைச் சுருட்டிக்கிட்டு ஓரமா நில்லுங்க. அண்டா வருது, சுட்டுடும்."

"சார், சாவி? இன்னைக்குத் தர்றதா..."

"இன்னைக்கு சூப்பு ஏறிடுச்சே. அடுப்பு இருக்கற இடத்துல கதவு எப்படி வைப்பீங்க? நீங்க உள்ள போய் உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம். சுவரைப் பாத்த பெஞ்சுல உக்காருங்க."

திரை சுற்றிய கையால் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். மறுகாதுக்கு மேசை துடைத்த ஈரத்துணியை எடுத்தார்.

"ஆ!"

மேலே என் பக்கத்தில் மகள் இன்னும் வளைந்த திரைக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காரை அவள் தலையில் தூவியிருந்தது. அவளுடைய அம்மா படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் பின்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தாள்.

மகள் கம்பியைத் தரையில் வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குப் போய்த் தலையணை உறையை உருவி, இரண்டாக மடித்து, அம்மாவின் கையில் வைத்தாள்.